இரண்டு அனிதாக்கள் சொல்லும் பாடம்

"பந்து விளையாடுகிறவர்களுக்கு எதற்கு சர்க்கார் உத்தியோகம்? விளையாட்டைத் தனியார் கையில் விடுங்கள். அவர்கள் பணத்தைக் கொட்டி வளர்ப்பார்கள்!"

இப்படிச் சில கனவான்கள் ஓயாமல் உபதேசம் செய்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை என்ன? இரண்டு வீராங்கனைகளின் வாழ்க்கையை எடுத்துப் பார்ப்போம். ஒருவர் நம் சென்னைக்காரர். மற்றவர் ஹங்கேரி நாட்டவர். இருவர் பெயரும் அனிதாதான்!

சென்னை அனிதா பால்துரை 1985ல் பிறந்தவர், கூடைப்பந்து வீராங்கனை. 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணியின் தலைவியானார். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஆடினார். குழந்தை பெற்ற பிறகும் மைதானத்துக்குத் திரும்பினார். 2017ல் பெங்களூரில் இந்திய அணி கஜகஸ்தானைத் தோற்கடித்து ஆசியாவின் முதல் பிரிவுக்கு ஏறியபோது அதில் அவரும் இருந்தார். 2021ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

பதினாறு ஆண்டுகள் ஒரு பெண் தேசத்துக்காக ஆட முடிந்தது எப்படி? எந்தக் கோடீஸ்வரர் அவருக்குப் படியளந்தார்? ஒருவருமில்லை! அவர் தெற்கு ரயில்வே ஊழியர். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. பி.டி. உஷாவும் இதே தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர்தான். பெண்கள் கூடைப்பந்தில் தேசிய சாம்பியன் பட்டத்தைப் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் ரயில்வே அணியே வென்று வந்திருக்கிறது. காரணம், நிரந்தர வேலை. வேறு மாயமந்திரம் கிடையாது.

இனி ஹங்கேரிக்குப் போவோம். அனிதா கோர்பிட்ஸ் ஹேண்ட்பால் வீராங்கனை. அணிக்கு ஏழு பேர். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. 2003 உலகப் போட்டியில் வெள்ளி வென்ற ஹங்கேரி அணியில் ஆடினார். 2005ல் உலகின் சிறந்த வீராங்கனை என்று தேர்வானார். நாட்டுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். 2021ல் ஓய்வு பெறும்வரை ஜியோர் நகரத்து ஒரே சங்கத்தில் ஆடி, ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்றார்.

அந்தச் சங்கத்தின் பூர்வோத்திரம் என்ன? ஜியோரில் இருந்த ரயில் வாகன, இயந்திரத் தொழிற்சாலையை ஒட்டி 1904ல் பிறந்த விளையாட்டுச் சங்கம் அது. பெண்கள் ஹேண்ட்பால் 1948ல் அங்கே தொடங்கியது. அங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலை, இங்கே ரயில்வே. இரண்டு அனிதாக்களுக்கும் அடித்தளம் போட்டது தொழிலும் தொழிலாளியும்தான்!

"இன்று அந்தச் சங்கத்தின் பெயரில் ஒரு ஜெர்மன் கார் கம்பெனியின் பெயரும் இருக்கிறதே?" என்று கனவான்கள் மடக்கலாம். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மரம் வளர்ந்து காய்த்த பிறகு வந்தவர் அவர். மேலும், 2011 முதல் ஹங்கேரியில் ஒரு சட்டம் உண்டு. கம்பெனிகள் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய வரியில் ஒரு பகுதியை ஹேண்ட்பால், கூடைப்பந்து முதலான குழு ஆட்டங்களுக்குத் திருப்பிவிடலாம். ஆக, தனியார் தர்மம் என்று காட்டப்படும் பணத்திலும் ஜனங்களின் வரிப்பணம் கலந்திருக்கிறது!

நம் நாட்டு முதலாளிகளின் பணம் எங்கே போகிறது? 2023ல் பெண்கள் கிரிக்கெட் லீக்கின் ஐந்து அணிகள் 4,669.99 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. பெண்கள் கிரிக்கெட் வளரட்டும், சந்தோஷம். ஆனால் விளம்பரம் விற்கும் இடத்தில்தான் அந்தப் பணம் பாய்கிறது. 2022 மார்ச்சில் அல்மாட்டியில் ஆசிய ஜூனியர் ஹேண்ட்பால் பட்டத்தை வென்ற நம் பெண்களுக்காக எந்த முதலாளி ஏலத்தில் கை தூக்கினார்?

இது மரக்காணத்து ஜனங்களுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு அல்ல. இங்கே தாய் வெயிலில் வெறுங்காலோடு உப்புக் கூடை சுமக்கிறாள். மழைக்காலம் வந்தால் அளத்தில் வேலை இல்லை. அந்த வீட்டுப் பெண் நன்றாக ஓடுவாள், நன்றாகப் பந்து எறிவாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீடு கேட்கிறது: "பந்து சோறு போடுமா?" நியாயமான கேள்வி! ரயில்வேயில், மின்வாரியத்தில், போலீசில் நிரந்தர வேலை உண்டு என்றால்தான் அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல முடியும். வேலைகளை ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டால், சொல்ல என்ன இருக்கிறது?

தமிழக சர்க்கார் வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. நல்லது. நூறு இடம் நிரப்பினால் மூன்று பேருக்கு வேலை. ஒரு இடமும் நிரப்பாவிட்டால் பூஜ்யத்தில் 3 சதவீதம் எவ்வளவு? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்!

ஆகவே கேட்கிறோம்: காலி இடங்களை நிரந்தரமாக நிரப்பு! ரயில்வே வேலைகளை ஒப்பந்தத்துக்கு விடாதே! கடலோரப் பள்ளிகளுக்கு மைதானமும் பயிற்சியாளரும் கொடு! பத்மஸ்ரீ கடைசியில் வரட்டும். சம்பளம் முதலில் வர வேண்டும். உப்பளத் தொழிலாளியின் மகளிடம் திறமை இல்லையா என்ன? அவளுக்கு இல்லாதது வாய்ப்பு. அதைப் போராடித்தான் பெற வேண்டும்!