ட்ரெயிலரைக் கழுவுவதற்கு முதல் பார்க்க வேண்டியவை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சொந்தமாக ட்ரெயிலர் வைத்திருப்பவர்களும், இந்தக் கோடையில் வேறு யாருடைய ட்ரெயிலரிலாவது பிள்ளைகளை அனுப்ப இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

விக்டோரியா தின நீண்ட வார இறுதி வருகிறது. ஒன்ராறியோவில் முகாம் காலம் அன்றோடுதான் களைகட்டும். ஒக்டோபரில் மூடி வைத்த ட்ரெயிலர்கள் ஆறேழு மாதம் பனியில் கிடந்துவிட்டு இப்போது வெளியே வருகின்றன. எங்கள் ஆட்கள் பலர் வியாழன் பின்னேரம் அதைக் கழுவி, வெள்ளி காலை இறைச்சியை ஊறப்போட்டு, மாலையில் வாகனத்தில் கொளுவிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு புத்தகம் திறக்கிற பிள்ளையின் வேலை இது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் அழுக்கை அல்ல, ஆளைக் கொல்லக்கூடியதை. அதை இரண்டு கிழமைக்கு முதலே பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டுமல்ல, எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

ஊரில் காபனோரொட்சைட்டு என்று நாங்கள் படிப்பித்தோமே, அந்த கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நான்கு பேரும் இந்த வாயுவால் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. 2013இல் வந்த சட்டத்துக்கு அவர்களின் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள்.

அது வீட்டில் நடந்தது. ட்ரெயிலரோ வீட்டை விடச் சின்ன அறை. அதில் புரோப்பேனில் எரியும் ஹீட்டர் இருக்கிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டரின் புகைவழியில் குளவி மண்கூடு கட்டும், எலி பஞ்சு அடைக்கும், சிலந்தி வலை பின்னும். ஆகவே முதல் வேலை, வெளிச்சத்தில் அந்தத் துவாரங்களைப் பார்ப்பது. இரண்டாவது, எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பது. மூன்றாவதைத்தான் பலர் செய்வதில்லை: கருவியைக் கழற்றிப் பின்பக்கத்தில் உள்ள திகதியை வாசியுங்கள். வகையைப் பொறுத்து 5 முதல் 10 வருடம்தான் அதன் ஆயுள். காலம் முடிந்த கருவியும் பொத்தானை அழுத்தினால் சத்தம் போடும். அந்தச் சத்தம் மணியும் பற்றரியும் வேலை செய்வதைக் காட்டுமே தவிர, உள்ளே இருக்கும் உணரி வேலை செய்வதைக் காட்டாது.

புரோப்பேன் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரையில் தங்கும். அதனால்தான் அதன் எச்சரிக்கைக் கருவியைக் காலடியில் பூட்டியிருப்பார்கள். அதற்கு முன்னால் அரிசி மூட்டையையும் கூலரையும் அடுக்காதீர்கள். சிலிண்டரைத் திறந்ததும் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வந்தால் உடனே பூட்டிவிட்டுத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கனடாவில் சிலிண்டரை 10 வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துச் சான்று பெற வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரயர் இன்னொரு ஏமாற்று. ட்ரெயிலர் ரயர் தேய்ந்து பழுதாவதை விடக் கிடந்து பழுதாவதுதான் கூட. பூ ஆழமாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பக்கச் சுவரில் DOT என்பதன் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ரயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளவுங்கள்.

தண்ணீர்க் குழாய்களில் பனிக்கு முதல் விட்ட இளஞ்சிவப்புத் திரவத்தை முழுக்கக் கழுவி வெளியேற்றுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கி நிரம்பும் முன் மின்சாரத்தைப் போட்டால் அதன் கம்பி எரிந்துபோகும். எலி எச்சம் கண்டால் காய்ந்தபடி கூட்டாதீர்கள். கதவைத் திறந்து காற்றோட விட்டு, கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். கனடாவில் மான் எலிகளின் எச்சத்தில் ஹன்டா வைரஸ் இருக்கக்கூடும்.

“காசு கொடுத்தால் கடைக்காரன் செய்து தருவான், நாங்கள் ஏன் மினக்கெட வேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள். எரிவாயுவும் பிரேக்கும் தெரியாதவர் கட்டாயம் கடையில்தான் கொடுக்க வேண்டும். அதில் வெட்கம் இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மணி அடித்தால் கடைக்காரன் அங்கே இருக்க மாட்டான். அப்போது என்ன செய்வதென்று உள்ளே படுத்திருப்பவர்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் நான் காணும் குறை இதுதான். ட்ரெயிலர் அப்பாவின் வேலை, சமையல் அம்மாவின் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். சிலிண்டரை எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டுவது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவசர வழியான யன்னல் எது, எப்படித் திறப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்பாவே மயங்கி விழுந்தால் யார் பூட்டுவது?

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் விடை தெரிந்தால் பாடம் முடிந்ததாக நான் எடுத்ததில்லை. இதுவும் அப்படித்தான். ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள். வாசிப்பது பத்து வயதுப் பேத்தியாக இருக்கட்டும். செய்து காட்டி அடையாளம் போடுவது பெரியவர்களாக இருக்கட்டும். அரை நாள் போதும்.

இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள். கழுவுவதை ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.