ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பப்பட்ட ஊர்கள்

பாயிண்ட்ஸ் டேபிளில் கடைசியில் வந்தா கீழே போகணும், முதலில் வந்தா மேலே ஏறணும். ஃபுட்பால் பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் வைஃபையைக் காலி பண்ணி ப்ரீமியர் லீக் பார்க்கிற நமக்கு, இங்கிலாந்து ஃபுட்பாலின் அழகே இந்த நியாயம்தான்னு ஒரு நம்பிக்கை. ஆனா அதே இங்கிலாந்தில் 1987 வரைக்கும் லீக்கின் அடிமட்டத்தில் இந்த நியாயம் கிடையாது. கடைசியில் வந்த அணிகள் மற்ற கிளப்புகளிடம் போய் "எங்களுக்கு ஓட்டுப் போடுங்க"ன்னு கேட்கணும். ஓட்டு கிடைச்சா அடுத்த சீசனும் உள்ளே. இல்லைன்னா வெளியே. அந்த இடத்துக்கு வேறொரு ஊர் வரும்.

இந்த முறையில் அதிகம் அடிபட்டது, இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு லீக். பெயர், தேர்ட் டிவிஷன் நார்த். 1921-ல் பிறந்து 1958-ல் மூடப்பட்டது. "ஏழை கிளப்புகளின் பார்க்கிங் லாட், மூடினது நல்லதுதான்" என்பது பொதுவான கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த லீக்கின் அமைப்பு சரியானது, அதை நடத்திய விதிகள்தான் தப்பு என்பது என் வாதம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதலில் கதைச்சுருக்கம். 1920-ல் ஃபுட்பால் லீக், சதர்ன் லீக்கின் மேல்மட்ட கிளப்புகளை மொத்தமாக உள்ளே எடுத்து மூன்றாவது டிவிஷன் ஒன்றை ஆரம்பித்தது. கிட்டத்தட்ட எல்லாமே தெற்கத்தி அணிகள். வடக்குக்காரங்க சும்மா இருப்பாங்களா? அடுத்த வருஷமே அவர்களுக்கும் ஒன்று வந்தது. 20 அணிகள். ரோச்டேல், நெல்சன், அக்ரிங்டன் ஸ்டான்லி மாதிரி துணி மில் ஊர்கள். ஆஷிங்டன், டர்ஹாம் சிட்டி மாதிரி நிலக்கரிப் பகுதிகள். பாரோ, ஹார்ட்டில்பூல்ஸ் மாதிரி கப்பல் கட்டும் ஊர்கள். முதல் சாம்பியன் ஸ்டாக்போர்ட் கவுண்டி.

மேலே போக வழி எவ்வளவு குறுகல்னு பாருங்க. வடக்கில் ஒரு அணி, தெற்கில் ஒரு அணி, அவ்வளவுதான். இரண்டாவது இடத்துக்கு ஒண்ணும் கிடையாது. பிளே-ஆஃப் எல்லாம் அப்போ இல்லை. தெற்கில் பிளிமத் ஆர்கைல் 1922 முதல் 1927 வரை தொடர்ந்து ஆறு சீசன் இரண்டாவது இடம் பிடித்தது. ஆறு! நம்ம கணக்கில் ஆறு செமஸ்டர் செகண்ட் ரேங்க் எடுத்தும் ஆஃபர் லெட்டர் வராத மாதிரி. 1930-ல்தான் ஒருவழியாக ஏறினார்கள். வடக்கில் ரோச்டேல், ஹாலிஃபாக்ஸ், க்ரூ, ஹார்ட்டில்பூல்ஸ், சவுத்போர்ட், அக்ரிங்டன் ஸ்டான்லி எல்லாம் லீக் பிறந்த நாளிலிருந்து மூடின நாள் வரை ஒரு தடவைகூட மேலே போகவில்லை.

ஆனாலும் மேட்சுகள் சப்பையா இருந்தன என்று நினைக்காதீங்க. 1935 கிறிஸ்துமஸ் அன்று ஓல்டம் அத்லெடிக், டிரான்மியர் ரோவர்ஸை 4-1 என்று வீழ்த்தியது. மறுநாள் பாக்ஸிங் டே, அதே இரண்டு அணிகள், இந்த முறை டிரான்மியர் மைதானத்தில். ஸ்கோர் 13-4. டைப்பிங் எரர் இல்லை. பன்னி பெல் என்ற ஒரே ஆள் ஒன்பது கோல் போட்டார், போதாததுக்கு ஒரு பெனால்டியை மிஸ் பண்ணினார். ஒரே மேட்சில் 17 கோல், ஃபுட்பால் லீக் வரலாற்றில் அதுதான் உச்சம். அதுக்கு முந்தைய வருஷம் ஜனவரியில் ஸ்டாக்போர்ட் 13-0 என்று ஹாலிஃபாக்ஸைத் துவைத்திருந்தது. 1936-37-ல் மான்ஸ்ஃபீல்டின் டெட் ஹார்ஸ்டன் ஒரே சீசனில் 55 கோல். எவர்ட்டனுக்காக ஒரு சீசனில் 60 லீக் கோல் போட்ட டிக்ஸி டீனின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவர் ஆட்டம் கற்றது இதே லீக்கில், சொந்த ஊர் அணியான டிரான்மியரில்.

அந்த கிறிஸ்துமஸ் விஷயத்தில் ஒண்ணு கவனிச்சீங்களா? அடுத்தடுத்த இரண்டு நாளில் ஹோம், அவே இரண்டும் ஆட முடிந்தது. ஏன்னா இரண்டு ஊருக்கும் நடுவில் அறுபது எழுபது கிலோமீட்டர்தான். மில்லில் வேலை பார்ப்பவரும் காலையில் ரயில் ஏறி மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். கிளப்புக்கு ஹோட்டல் செலவு இல்லை. ஒரு வட்டார லீக்கின் பலமே இதுதான்.

சரி, இவ்வளவு நல்லா இருந்தா கிளப்புகள் ஏன் செத்தன? இதற்குப் பதில் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. கொஞ்சம் நம்ம ஊர் பக்கமும் இருக்கிறது.

முதல் உலகப் போருக்கு முன், 1913-ல், பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கஜம். அதில் கிட்டத்தட்ட 300 கோடி கஜம் வந்து இறங்கியது இந்தியாவில். பெரும்பாலும் லங்காஷயர் தறிகளில் நெய்தது. போருக்குப் பிறகு ஜப்பான் போட்டிக்கு வந்தது, பம்பாய், அகமதாபாத் மில்கள் வளர்ந்தன, அந்நியத் துணி புறக்கணிப்பு வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் கோயம்புத்தூரிலும் மில்கள் பெருகின. இதெல்லாம் நமக்கு ஹிஸ்டரி புக்கில் ஐந்து மார்க் கேள்வி. நெல்சன், ரோச்டேல் மாதிரி ஊர்களில் அது சனிக்கிழமை டிக்கெட் கவுண்டரில் தெரிந்தது. வேலை போனவன் டிக்கெட் வாங்க மாட்டான். டிக்கெட் பணத்தை மட்டும் நம்பி இருந்த கிளப் என்ன செய்யும்?

நெல்சனையே எடுத்துக்கங்க. சின்ன நெசவு ஊர். 1923-ல் தேர்ட் டிவிஷன் நார்த் சாம்பியன். அந்தக் கோடையில் ஸ்பெயினுக்கு டூர் போய், ரியல் மாட்ரிட்டை அவங்க ஊரிலேயே ஜெயித்தார்கள். ஆமா, அதே ரியல் மாட்ரிட். ஒரே சீசனில் செகண்ட் டிவிஷனிலிருந்து கீழே வந்துவிட்டார்கள். 1930-31-ல் வெளியூரில் ஆடிய 21 லீக் மேட்சிலும் தோல்வி. கடைசி இடம். ஓட்டெடுப்பில் வெளியே போனார்கள், அந்த இடம் செஸ்டருக்குப் போனது. 21-க்கு 21 தோற்ற அணிக்கு ஓட்டு விழவில்லை என்று நான் சண்டை போடப் போவதில்லை. ஆனா அந்த வருஷத்தைப் பாருங்க. 1931. அந்த செப்டம்பரில்தான் காந்தி லங்காஷயருக்குப் போய் டார்வென் பகுதியில் மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். அடுத்த மாதம், அக்டோபர் 26-ம் தேதி, பக்கத்தில் இருந்த விகன் பரோ கையில் காசில்லாமல் சீசன் நடுவிலேயே லீக்கை விட்டு விலகியது. அப்படி நடுவில் விலகிய முதல் அணி அதுதான். அதுவரை ஆடிய மேட்சுகள் எல்லாம் ரெக்கார்டிலிருந்தே அழிக்கப்பட்டன. (நெல்சனில் 1929 முதல் கிரிக்கெட் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தவர் வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன். ஊரின் கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும்னு நீங்களே யோசிங்க.)

நிலக்கரி ஊர்களின் கதையும் இதே மாதிரிதான். 1926-ல் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வெளியே நின்றார்கள். 1928-ல் டர்ஹாம் சிட்டி வெளியே, கார்லைல் உள்ளே. 1929-ல் ஆஷிங்டன் வெளியே, யார்க் உள்ளே. 1966 உலகக் கோப்பை ஃபைனலில் இங்கிலாந்துக்கு ஆடிய பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் அண்ணன் தம்பி இருவரும் பிறந்து வளர்ந்தது அந்த ஆஷிங்டனில்தான். அவர்கள் பிறப்பதற்கு முன்னாலேயே ஊரின் லீக் இடம் போய்விட்டது. திறமை இல்லாத ஊர் என்று யாராவது சொல்ல முடியுமா?

லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒரு தகவல். பில் ஷாங்க்லி மேனேஜராகத் தொழில் பழகியது கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன் என்ற வரிசையில். மூன்றும் அவர் இருந்த காலத்தில் தேர்ட் டிவிஷன் நார்த் அணிகள். 1933-ல் எஃப்.ஏ. கோப்பையில் ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனலை 2-0 என்று கவிழ்த்த வால்சாலும் இந்த லீக்தான். 1954-ல் போர்ட் வேல், 1955-ல் யார்க் சிட்டி, அடுத்தடுத்த வருஷம் இரண்டு அணிகள் எஃப்.ஏ. கோப்பை செமிஃபைனல் வரை போயின. பார்க்கிங் லாட்டாம்!

1958-ல் வடக்கு, தெற்கு இரண்டையும் கலைத்தார்கள். இரண்டிலும் மேல்பாதி அணிகள் புதிய தேர்ட் டிவிஷனுக்கு, கீழ்பாதி புதிய ஃபோர்த் டிவிஷனுக்கு. இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு செகண்ட் டிவிஷனுக்கு ஏறியது வருஷத்துக்கு இரண்டு அணி. 1958-க்குப் பிறகும் இரண்டே அணி. மேலே போகும் கதவு ஒரு இஞ்ச்கூட அகலமாகவில்லை. மாறியது பயணம்தான். தெற்குக் கடற்கரை டார்க்கீ, வடமேற்கு மூலையில் இருக்கும் பாரோவுக்குப் போகணும். எக்ஸிட்டர், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய கார்லைலுக்குப் போகணும். அதுவும் லீக்கிலேயே குறைந்த வருமானம் உள்ள அணிகள்.

இரண்டே வருஷத்தில் பலன் தெரிந்தது. 1960-ல் கேட்ஸ்ஹெட் 24 அணிகளில் 22-வதாக முடித்தது. அவர்களுக்குக் கீழே இன்னும் இரண்டு அணிகள். ஓட்டெடுப்பில் கீழே இருந்த இரண்டும் பிழைத்தன, கேட்ஸ்ஹெட் போனது, பீட்டர்பரோ வந்தது. வடகிழக்கு மூலை வரை பயணம் செய்ய மற்ற கிளப்புகளுக்கு விருப்பமில்லை என்பதுதான் அன்று முதல் சொல்லப்படும் காரணம். வட்டார லீக்காகவே இருந்திருந்தால் அந்தக் காரணமே எழுந்திருக்காது. 1962 மார்ச்சில் அக்ரிங்டன் ஸ்டான்லி கடனில் மூழ்கி சீசன் நடுவில் விலகியது.

எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். வடக்கும் தெற்கும் ஒரே தரமா? ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருந்தால் சாம்பியனுக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்விதான். ஆனா இதற்கு விடை, இரண்டு பக்கமிருந்தும் இரண்டு, மூன்று அணிகளை ஏற்றுவது. அந்த விடையை யாரும் முயற்சி செய்யவே இல்லை. இன்னைக்கு இங்கிலாந்தின் ஆறாவது மட்டம் நேஷனல் லீக் நார்த், சவுத் என்று இரண்டாகத்தான் ஓடுகிறது. எந்த மட்டம் வரை வட்டாரமாக இருக்கணும் என்பது கிளப்பின் கையில் இருக்கும் பணத்தைப் பொறுத்த விஷயம். கௌரவத்தைப் பார்த்து முடிவெடுத்தால் கேட்ஸ்ஹெட் மாதிரிதான் ஆகும்.

ஓட்டுப் போடும் முறைக்கு விகனைவிட நல்ல சாட்சி கிடையாது. பரோ செத்த மறுவருஷம், 1932-ல், அதே ஸ்பிரிங்ஃபீல்ட் பார்க் மைதானத்தில் விகன் அத்லெடிக் பிறந்தது. லீக்கில் சேர முப்பதுக்கும் மேற்பட்ட முறை மனுப் போட்டார்கள். உள்ளே விட்டது 1978-ல். 2013-ல் அதே விகன் மான்செஸ்டர் சிட்டியை ஜெயித்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. 46 வருஷம் வாசலில் நிற்க வைத்ததற்கு யார் என்ன காரணம் சொன்னாலும் எனக்குப் புரியப் போவதில்லை.

இதெல்லாம் இங்கிலாந்து கதை, நமக்கென்னன்னு கேட்கிறீங்களா? 2018-19 ஐ-லீக் சாம்பியன் யாருன்னு ஞாபகம் இருக்கா? சென்னை சிட்டி எஃப்.சி. ஹோம் கிரவுண்ட் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். நாட்டின் லீக் பட்டத்தை ஜெயித்த அந்த அணிக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடைக்கவில்லை, ஏன்னா அப்போது ஏறுவதற்கு வழியே வைக்கவில்லை. ஐ-லீக்கிலிருந்து ஏறிய முதல் அணி 2023-ல் பஞ்சாப் எஃப்.சி. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. கடைசியாக ஆடியது 2020-21. ஒரு பக்கம் கதவைச் சாத்திவிட்டு, மறுபக்கம் கோவை அணியை ஐஸ்வால், ஸ்ரீநகர் வரை ஃப்ளைட்டில் போய் ஆடச் சொன்னால், கூட்டம் வந்தாலும் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

நான் கேட்பது ரொம்ப சிம்பிள். ஐ-லீக்குக்குக் கீழே இருக்கும் மட்டங்களைத் தெற்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு என்று பிரிச்சு சீசன் முழுக்க ஆட விடுங்க. கோவை, திருச்சூர், பெங்களூரு என்று ராத்திரி பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் ஹோம், அவே வைங்க. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் டேபிளில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களை ஏற்றுங்க. கமிட்டியும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம்.