ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. அடுத்து யாருக்குக் கோல் எடுப்பது?

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய புதுக் கம்பியூட்டர் முதல் நாளே ஓன் ஆகவில்லை என்றால் நம்ம ஊரில் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பூட்டித் தந்த தம்பிக்கு ஒரு கோல். அவர் வந்து பார்த்துவிட்டு "மதர்போர்ட் பிழை போல" என்பார். இன்னொருவர் வருவார், "பவர் சப்ளை காணாது" என்பார். மூன்றாவது ஆள் ரெம்மில் கை வைப்பார். உம்மும்மா ஒரு பக்கம் கண்ணூறு என்று சொல்லிக்கொண்டிருப்பா. இரண்டு கிழமைக்குள் புதிதாக இரண்டு மூன்று பாகங்கள் வாங்கியாகிவிடும். கம்பியூட்டர் மட்டும் அதே கறுப்புத் திரையோடு இருக்கும்.

நாம் சொல்ல வருவது ஒரு சின்ன விடயம். காசு கொடுத்து எதையும் மாற்றுவதற்கு முன், அது எதுவரை வந்து நின்றது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க எஞ்சினியர் தேவையில்லை. வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை போதும். ஆனால் நாம் பிள்ளையைப் பார்க்க விடுவதில்லை.

இது ஏதோ கேம் விளையாடும் பொடியன்மாரின் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு, கம்பியூட்டர் இல்லாமல் படிக்க முடியாத பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையப் பேர். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு ஒரு நல்ல கம்பியூட்டர் என்பது பல குடும்பங்களுக்கு நகையை ஈடு வைத்தோ சீட்டுக் காசை எடுத்தோ வாங்கும் சாமான். அப்படி வாங்கியது எழும்பவில்லை என்றால் அந்த வீட்டில் அன்று இரவு யாருக்கும் நித்திரை வராது. அந்தப் பதற்றத்தில்தான் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுக் காசை எடுத்துக் கொடுக்கிறோம்.

சென்ற விடுமுறையில் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் போய்ப் பார்த்த ஒரு வீடு. வாப்பா கட்டாரில். மகள் தொழில்நுட்பப் பிரிவு. பாகங்கள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து, ஊரில் ஒருவர் பூட்டியிருக்கிறார். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. நாங்கள் போகும்போதே பவர் சப்ளை ஒரு முறை, ரெம் ஒரு முறை மாற்றியாகிவிட்டது. உம்மா வாசலிலேயே, "சேர், இது எங்களுக்கு ராசியில்லாத சாமான்" என்றா.

நாங்கள் கேசிங்கைத் தொடவில்லை. மகளிடம், "பட்டனை அமத்தினதும் என்னென்ன நடக்குது, ஒவ்வொன்றாச் சொல்லுங்க மகள்" என்று மட்டும் கேட்டோம்.

"ஃபேன் சுத்துது சேர். கீபோர்ட்ல லைட் வருது. பிறகு உள்ளுக்குள்ள சின்ன வெள்ளை லைட் ஒன்று எரிஞ்சு அப்படியே நிக்குது."

"அந்த லைட்டுக்குப் பக்கத்தில என்ன எழுதியிருக்கு?"

போன் டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தா. "விஜிஏ என்று கிடக்கு சேர்."

அந்த வெள்ளை லைட்டை அவ முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறா. வந்த எவரும் அவவிடம் கேட்கவில்லை.

இதில் பெரிய வித்தை இல்லை. கம்பியூட்டர் ஓன் ஆனதும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். அதற்கு போஸ்ட் என்று பெயர். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பீசியே, சோதனை சரியென்றால் ஒரு குட்டி பீப் சத்தம் போடும். இன்றைய மதர்போர்ட்கள் பலவற்றில் சத்தத்துக்குப் பதிலாக ஓரத்தில் நான்கு சின்ன லைட்கள் இருக்கின்றன: சிபியூ, ரெம், விஜிஏ, பூட். பெரும்பாலும் இந்த வரிசையில்தான் சோதனை நடக்கும். எந்த லைட்டில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விஜிஏயில் நிற்கிறது என்றால் சிபியூவும் ரெம்மும் தாண்டிவிட்டன. கரண்ட்டும் ஒழுங்காகத்தான் வருகிறது. அதாவது அந்த வீட்டில் மாற்றிய இரண்டு பாகங்களும் பழுதே இல்லாதவை!

பில்லைப் பார்த்தோம். சிபியூ ரைசன் 5 5600. நல்ல சிபியூதான். ஆனால் அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. அதே பெயரில் கடைசியில் 'ஜி' என்று வருகிறதே, 5600ஜி, அதில்தான் உண்டு. இன்டெல்லில் இது மறுபக்கமாக இருக்கும்: ஐ5 12400 என்றால் படம் வரும், 12400எஃப் என்றால் வராது. இந்தக் கேசிங்கில் கிராஃபிக்ஸ் கார்டே இல்லை. மொனிட்டர் கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் குத்தியிருக்கிறது. அந்தத் துளை அங்கே இருப்பதால் அதில் படம் வரும் என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். தெரிந்த இடத்தில் ஒரு பழைய கார்டை இரவல் வாங்கிப் பூட்டினோம். திரை வந்தது. எந்தப் பாகமும் பழுதில்லை, ஒரு பாகம் வாங்கவே இல்லை, அவ்வளவுதான். மாற்றிய பவர் சப்ளையையும் ரெம்மையும் பெட்டி உடைத்தாயிற்று என்று கடை திருப்பி எடுக்கவில்லை. அந்தக் காசில் ஒரு பழைய கார்டே வாங்கியிருக்கலாம்.

எல்லா வீட்டிலும் இதுவே காரணமாக இருக்காது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: எதுவரை வந்தது?

ஒன்றுமே அசையவில்லை என்றால் பெரும்பாலும் கரண்ட் வரும் வழியில்தான் விடயம். பவர் சப்ளையின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை ஓன் பண்ணாமலே கம்பியூட்டர் பழுது என்று முடிவெடுத்த வீடுகள் உண்டு. எக்ஸ்டென்ஷன் கோடை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் குத்திப் பாருங்கள். பழைய பவர் சப்ளையை வாங்கிப் போட்டிருந்தால் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் இருக்கலாம். நம் நாட்டுக்கு 230. அதை 115இல் விட்டு ஓன் பண்ணினால் உள்ளே வெடிச் சத்தம் கேட்கும். இவையெல்லாம் சரியென்றால், பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர் மதர்போர்டில் சரியான இரண்டு ஊசிகளில் இருக்கிறதா என்று பெட்டிக்குள் வந்த சிறிய புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்யலாம். அந்தப் புத்தகத்தை நாம் பெட்டியோடு அட்டாளையில் போட்டிருப்போம். இறக்கி எடுங்கள்.

ஓன் ஆகி ஒரு செக்கனில் நின்றுவிடுகிறது என்றால் கதை வேறு. மதர்போர்டின் அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்க்ரூ தட்டிக்கொண்டிருக்கலாம். சிபியூவுக்கென்று தனியாக வரும் 8 ஊசி வயரை மறந்திருக்கலாம். 24 ஊசி உள்ள பெரிய வயரைக் குத்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த 8 ஊசி மேல் மூலையில் ஒளிந்திருக்கும்.

ரெம் லைட்டில் நின்றால் கழற்றி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். ஒரே ஒரு ரெம்தான் என்றால் பெரும்பாலான போர்ட்களில் சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவது இடத்தில் போட வேண்டும். டிடிஆர்5 ரெம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. முதல் தடவை ஓன் பண்ணும்போது போர்ட் ரெம்மை அளந்து பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். நம்மவர்கள் முப்பது செக்கனில் பிளக்கை இழுத்துவிடுவார்கள். திரும்ப ஓன் பண்ணினால் அது முதலிலிருந்து தொடங்கும், இவர்கள் திரும்பவும் இழுப்பார்கள். ஓன் பண்ணிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

லைட்டும் இல்லை, பீப்பும் இல்லை, ஒன்றும் விளங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குறைந்ததில் தொடங்க வேண்டும். சிபியூ, அதன் ஃபேன், ஒரு ரெம், மொனிட்டர், அவ்வளவுதான். சிபியூவில் படம் வராது என்றால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், வைஃபை வேண்டாம், கலர் கலராக மின்னும் லைட்களும் வேண்டாம். எழும்பினால் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மூன்றை ஒன்றாக மாற்றிக் கம்பியூட்டர் எழும்பினால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது, அடுத்த மாதம் அதே பிரச்சினை வரும்போது திரும்ப மூன்றுக்கும் காசு கொடுக்க வேண்டி வரும்.

"பிள்ளை தொட்டு உடைச்சிட்டா? வொரன்டி போயிட்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் தொடச் சொல்லி நாம் சொல்லவில்லை. பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் கரண்ட் தேங்கியிருக்கும். சிபியூ உட்காரும் இடத்து ஊசிகள் தலைமுடியைப் போன்றவை, பழக்கமில்லாத கை அங்கே போகக் கூடாது. கடை ஸ்டிக்கர் ஒட்டி மூடித் தந்த கேசிங் என்றால் கடையில் கேட்காமல் திறக்க வேண்டாம். ஆனால் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேசிங்கின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, ரெம்மைக் கழற்றிப் போடுவதில் உடைய ஒன்றுமில்லை. லைட்டைப் பார்ப்பதில் அதுவும் இல்லை.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் மோசம். மகன் கேசிங்கைத் திறந்தால் "மூளைக்காரன்" என்கிறோம். மகள் திறந்தால் "விடு, கரண்ட் அடிக்கும், நானா வரட்டும்". படிப்பது அவ, பரீட்சை எழுதுவது அவ. அந்த நானாவுக்குப் பல நேரம் போனுக்கு மேல் ஒன்றும் தெரியாது. (நானாமார் கோபிக்க வேண்டாம்.)

ஆசிரியர்களாகிய எங்கள் பக்கமும் சொல்ல இருக்கிறது. இரும எண்ணைப் பதினறும எண்ணாக மாற்றச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் நிமிடத்தில் மாற்றுவார்கள். தர்க்கப் படலைகளின் படம் அழகாகக் கீறுவார்கள். ஆனால் ஒரு ரெம்மைக் கையில் பிடித்துப் பார்க்காமலே உயர்தரத்தை முடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைக் களஞ்சியத்தில் பழுதான கம்பியூட்டர்கள் அடுக்கிக் கிடக்கும், கணக்கெடுத்துக் கழிக்கும்வரை அவற்றில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற முடியாது. கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்தது செய்து கற்றல். இங்கே அதிபரின் கையெழுத்துக்கும் வலயத்தின் கடிதத்துக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டு கிடக்கிறது. கழிக்க முன் ஒரு தவணைக்காவது அவற்றைப் பிள்ளைகளின் கையில் தர வழி செய்ய வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

கடைக்காரச் சகோதரர்களிடம் இரண்டு விடயம் கேட்கிறோம். படம் வராத சிபியூவை விற்கும்போது பில்லிலேயே, விளங்கும் தமிழில், "இதற்குத் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் தேவை" என்று எழுதிக் கொடுங்கள். புது சிபியூவோடு பழைய மதர்போர்டைச் சேர்த்துக் கொடுத்தால், அந்தச் சிபியூவை அடையாளம் காணும் பயோஸ் அதில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக் கொடுங்கள். பி450 போர்டும் ரைசன் 5000 வரிசையும் சேரும்போது இது அடிக்கடி வரும் பிரச்சினை. பயோஸ் பழையது என்றால் வீட்டில் என்ன கழற்றிப் போட்டாலும் திரை வராது, இன்னொரு சிபியூவைப் போட்டோ, யூஎஸ்பி வழியாகப் பயோஸைப் புதுப்பிக்கும் பட்டன் இருந்தால் அதைக் கொண்டோதான் சரி செய்ய வேண்டும். அது உங்களுக்குப் பத்து நிமிட வேலை. அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாத அலைச்சல்.

பாகங்கள் வாங்க இருப்பவர்கள் காசு கட்ட முன் பட்டியலை எங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வோம். ஏற்கனவே வாங்கி எழும்பாமல் கிடக்கிறது என்றால் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வரலாம், காசு ஒன்றும் வேண்டாம். ஆனால் பிள்ளையையும் கூட்டி வர வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் பிள்ளையின் கையில்தான் இருக்கும், நாங்கள் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்போம். வரும்போது மொனிட்டர் கேபிளையும், பில்லையும், அட்டாளையில் கிடக்கும் அந்தச் சிறிய புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.