கூடாரம் கடைசியாகக் காய்ந்த திகதி

இலங்கையில் சாரணர் இயக்கம் பிறந்தது எங்கள் மாத்தளையில். 1912இல் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் இங்குள்ள கிறைஸ்ட் சர்ச் பாடசாலையில் அதைத் தொடங்கினார். அந்தப் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் பாடசாலைக் களஞ்சியத்து மூலையில் கிடக்கும் கன்வஸ் கூடாரத்தை விரித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும், விரலால் குத்தினாலே கிழியும். ஒரு சாரண ஆசிரியனாக இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மழையைக் குறை சொல்லக் கூடாது. றிவஸ்டன் மலைப் பக்கம் பாசறை போட்டால் பனிமூட்டத்துக்கே துணி நனைந்துவிடும். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஈரத்தோடு சுருட்டி வந்து களஞ்சியத்தில் தள்ளிப் பூட்டுகிறோமே, அங்கேதான் கூடாரம் சாகிறது. பருத்தித் துணியில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் நூலையே தின்னும். வெளிற்றும் தூள் போட்டுத் தேய்த்தால் கறையோடு நூலின் பலமும் போகும்.

பருத்திக் கன்வஸின் குணம் வேறு, நைலோனின் குணம் வேறு. நனையும்போது பருத்தி நூல் ஊதி நெசவின் இடைவெளியைத் தானே அடைக்கும். அதனால் புதுக் கூடாரத்தைப் பாசறைக்கு முன்பே ஒரு தடவை கட்டி, நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். தையல் துளைகள் அப்படித்தான் இறுகும். மழை நேரம் உட்பக்கத் துணியில் முதுகோ பையோ முட்டினால் அந்த இடத்தில் ஒழுகும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். மழை தொடங்கியதும் சற்றுத் தளர்த்தாவிட்டால் முளையைப் பிடுங்கிவிடும்.

மழை புகாமல் பதப்படுத்த விலைகூடிய போத்தல்தான் வேண்டுமென்றில்லை. பிள்ளைகளுக்கு நான் காட்டுவது பழைய முறை: சவர்க்காரம் கரைத்த சுடுநீரில் துணியை ஊறவைத்துப் பிழிந்து, பிறகு படிகாரக் கரைசலில் போடுவது. இரண்டும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு படிவு நூலுக்குள் தங்கும். விஞ்ஞானப் புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை அன்றைக்குப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! படிகாரம் இல்லாமல் சவர்க்காரத்தால் மட்டும் கழுவினாலோ நிலைமை தலைகீழ். துணியில் தங்கும் சவர்க்காரம் மழையை உள்ளே இழுக்கும். அழுக்குப் போக்கத் தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். தையலுக்குத் தேன்மெழுகு தேய்க்கலாம். மெழுகு பூசிய துணி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் உள்ளே குப்பிவிளக்கு ஆகாது.

கூடாரத்தைப் பேணுவதை மாணவர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மாத்தளை மலைக் கிராமங்களையும் தோட்டங்களையும் என்ன பாடுபடுத்தியது என்பதை நாம் மறக்கவில்லை. தோட்டக் குடும்பம் குடியிருக்கும் லயத்தை மண் மூடினால் அந்தக் குடும்பத்துக்குக் கூடாரம்தான் வீடு. அந்த வீட்டின் கூரை உளுத்துப்போயிருந்தால் கைக்குழந்தையோடு தாய் எங்கே ஒதுங்குவாள்?

களஞ்சியப் பதிவேட்டில் கூடாரங்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுகிறோம். ஒவ்வொன்றும் கடைசியாகக் காய்ந்த திகதியையும் எழுத வேண்டும். பாடசாலையானாலும், நிவாரணக் கூடாரம் வைத்திருக்கும் பிரதேச செயலகமானாலும் அதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பாசறை முடிந்த மறுநாள், முதல் பாடவேளை போனாலும் பரவாயில்லை, மைதானத்தில் விரித்துக் காயவிடுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன், ஓகஸ்ட் விடுமுறையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தையல் பார்த்துப் பதப்படுத்திவிடலாம். பெற்றோரில் தையல் தெரிந்தவர்களைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.