மோட்டாரின் நியாயம் சிப்புக்குப் பொருந்தாது

வோல்டேஜ் குறைந்தால் எந்தக் கருவியும் சூடேறிக் கெடும் என்ற நம்பிக்கைக்குத் தர்மபுரி மாவட்டத்தில் வலுவான காரணம் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் போர்வெல் மோட்டாரை நம்பியவை. லோ வோல்டேஜில் ஓடிய மோட்டாரின் காயில் கருகினால் ரீவைண்டிங் செலவு விவசாயியின் தலையில்தான் விழும். அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இத்தகைய வீடுகளிலும் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தது. மோட்டாரின் நியாயத்தை அதற்கும் நீட்டி, புராசஸரின் வோல்டேஜைக் குறைத்தால் எரிந்துவிடும் என்று அஞ்சுவது பிழை.

மோட்டார் தூக்க வேண்டிய தண்ணீரின் சுமை, வோல்டேஜ் இறங்கினாலும் பெரிதாகக் குறைவதில்லை. அதை ஈடுகட்ட மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த மின்னோட்டமே காயிலைச் சுடுகிறது. சிப்பில் நடப்பது நேர்மாறு. அதிலுள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் குறைந்த வோல்டேஜில் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கின்றன. இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 வோல்ட்டை 0.9 ஆக்கினால் அச்செலவில் 19 சதவீதம் மிச்சம்.

வேகத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் சூடு தணியும். ஆனால் வேலை முடிய நேரம் நீளுவதால் மொத்த மின்செலவு அவ்வளவாகக் குறையாது. வேகம், வோல்டேஜ் இரண்டையும் 10 சதவீதம் வீதம் சேர்த்துக் குறைத்தால் வாட் கணக்கில் 27 சதவீதம் குறையும்.

மட்டமான சிப்பும், பழையதான பிறகும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்றே தயாரிப்பாளர்கள் வோல்டேஜைத் தாராளமாக வைக்கிறார்கள். வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்டிங் அந்த உபரியைத்தான் கழிக்கிறது. சித்திரை வெயிலில் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை வெட்டிக்கொள்ளும். சூடு தணிந்தால் அந்த வெட்டு குறையும். வேகம் கூடவும் செய்யும்.

ஆபத்தே இல்லை என்பதல்ல. அளவு மீறி இறக்கினால் லேப்டாப் உறைந்துபோகும், சேமிக்காத கோப்பு அழியும், சிப் எரியாது. அதனால் 10 மில்லிவோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் கனமான வேலை கொடுத்துப் பார்ப்பதே முறை.

வோல்டேஜ் மாற்றத்தைக் கொண்டு ரகசியத் தகவலைத் திருட முடியும் என்று காட்டிய பிளண்டர்வோல்ட் ஆய்வு 2019 டிசம்பரில் வெளியானபின், பல இன்டெல் லேப்டாப்புகளில் அண்டர்வோல்டிங் வசதி பூட்டப்பட்டது. அவற்றில் பலவற்றுக்கும் வேறு வழி உண்டு. விண்டோஸ் பவர் அமைப்பில் புராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் டர்போ நிற்கும். வேகம் இறங்கும்போது வோல்டேஜையும் சிப் தானே இறக்கிக்கொள்ளும்.