கொட்டித் தீர்த்தால் பாரம் குறையுமா?

"மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டிடுங்க, பாரம் குறைஞ்சிடும்." பாட்டியும் இதைத்தான் சொல்வார், பல நேரம் கவுன்சலரும் இதைத்தான் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜமாகவே குறையுமா?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் உடனடியாகச் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நடந்ததை விவரமாகச் சொல்லவைத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்த முடிவு 2000-ல் வெளியானது. பேசவைக்கப்பட்டவர்களின் நிலைமைதான் மோசம். அதிலும் ஆரம்பத்தில் ரொம்பக் கலங்கிப்போயிருந்தவர்களில், பேசவைக்கப்படாதவர்கள் தேறிவிட்டார்கள், பேசவைக்கப்பட்டவர்கள் தேறவில்லை. விபத்து நடந்த கையோடு இப்படிக் கொட்டவைப்பது வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

(அதற்காக, அடிபட்டவர் தானாகப் பேச வந்தால் "சும்மா இருங்க" என்று அடக்கிவிடாதீர்கள். அவராகப் பேசுவது வேறு, நாம் கிளறுவது வேறு.)

நம் சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நாமக்கல் லாரியும் திருச்செங்கோடு ரிக் வண்டியும் போகாத மாநிலம் குறைவு. போனவர் காலை இழந்தோ, முதுகுத்தண்டில் அடிபட்டோ திரும்பி வரும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டியவர்தான் மறுவாழ்வு ஆலோசகர். இவர்களுக்கான படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 1992-லேயே இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்துவிட்டது. சான்றிதழ் இருக்கிறது, சரி. ஆனால் "நீங்க செய்யற இந்த முறை பலன் தரும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பில் ஊட்டுகிறோமா?

இதைத்தான் எவிடென்ஸ் பேஸ்டு பிராக்டிஸ் என்கிறார்கள். பெயர்தான் பெரிசு. ஆராய்ச்சி என்ன சொல்கிறது, ஆலோசகரின் அனுபவம் என்ன சொல்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்து முடிவெடுப்பது, அவ்வளவுதான். மூன்றாவதைத்தான் நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். ரிக் வண்டியில் வேலை பார்த்தவர், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. மாணவர்களிடம் கொடுத்தால் பெரும்பாலும் என்ன எழுதுவார்கள்? மெழுகுவர்த்தி செய்யப் பயிற்சி, கவர் ஒட்டப் பயிற்சி. அவரோ, "நா மறுக்கா வண்டிப் பக்கமே போகோணுங்க" என்கிறார்.

ஆராய்ச்சி அவர் பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்காவில் 1990-களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் தீவிர மனநோய் உள்ளவர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை தேடுவதில்லை. அவர் விரும்பும் வேலையில் முதலில் சேர்த்துவிட்டு, கூடவே நின்று உதவுவது. பழைய முறையைவிட இதில் வேலைக்குப் போனவர்கள் அதிகம் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு காட்டியது. அங்கே முன்னாள் ராணுவத்தினரில் முதுகுத்தண்டு பாதித்தவர்களிடம் செய்து 2012-ல் வெளியான ஆய்விலும் இதுவே முந்தியது. அப்படியானால் நம் ரிக்காரருக்கு என்ன வழி? உதிரிபாகக் கடை, வண்டி புக்கிங் ஆபீஸ், பட்டறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை... இதையெல்லாம் மாணவர் நேரில் போய் விசாரித்து வர வேண்டும். மூன்று மாதம் கழித்து, அவர் வேலையில் நிற்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். மதிப்பெண்ணை அதற்குத்தான் போட வேண்டும் என்பேன்.

"அமெரிக்கக் கதை நமக்கு ஒத்துவருமா?" நியாயமான கேள்வி. அதற்கும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்தும் இருக்கிறார்கள். சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று, காஞ்சிபுரம், கோவா, சதாராவில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்தது. டாக்டரோ நர்ஸோ அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடு தேடிப் போனார்கள். 2014-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருத்துவமனை சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் ஓரளவு மேம்பட்டிருந்தார்கள். ஓரளவுதான், அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். மூன்று இடங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது நம் காஞ்சிபுரத்தில்தான்.