மணிக்கட்டையும் சொல்லிக்கொடுங்கள்

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பகுதிநேரமாகப் பியானோ சொல்லித்தருகிறேன். தேர்வு நெருங்கும் மாதங்களில் மாணவர்கள் கேட்பதெல்லாம், “இன்னும் எவ்வளவு வேகம் வேண்டும்?” என்பதுதான். “கை வலிக்கிறதா?” என்று நான் கேட்டால் தயங்குகிறார்கள். வலித்தால்தான் பயிற்சி சரியாக நடக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்தவை நம் வகுப்புகளே என்பது என் கருத்து.

‘விரலைத் தூக்கு, விரலுக்குப் பலம் கொடு’ என்று எத்தனை வகுப்புகளில் கேட்கிறோம்! விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. பெரும்பாலானவை முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குப் போகின்றன. வலது முன்னங்கையை இடது கையால் பற்றிக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள், தெரியும். மணிக்கட்டு வளைந்து இறுகியிருந்தால் அந்த நாண்கள் உராய்ந்துகொண்டே வேலை செய்யவேண்டும். சாப்பாட்டு மேசைமேல் கீபோர்டை வைத்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். முழங்கை தாழ்ந்து, மணிக்கட்டு மடங்கிவிடும். ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தாலே பாதி சரியாகும்.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. கதவுக் குமிழைத் திருப்புவதுபோல முன்னங்கை சற்றுச் சுழன்று விரலுக்கு உதவுவதை, லண்டன் ஆசிரியர் டோபியஸ் மேத்தே 1903லேயே நூலில் எழுதிவிட்டார். அதற்கும் முன்பு, விரலுக்குப் பலம் சேர்க்கக் கருவியை நாடிய ராபர்ட் ஷூமன் 1832 வாக்கில் வலக்கை விரல் செயலிழந்து, பியானோ கலைஞராகும் கனவைக் கைவிட்டார். காரணம் அந்தக் கருவிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பிறகு ஏன் வகுப்பில் இது இடம்பெறுவதில்லை? நம்மில் பலர் எழுதும் ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 100. தேர்வாளர் காதில் விழுவதற்குத்தான் அத்தனையும். மணிக்கட்டு எப்படி இருந்தது என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. இசைத் தேர்வு என்பதால் அது நியாயம்தான். அதனாலேயே கையைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க ஆசிரியருடையதாகிறது. ஆண்டுக்கு ஒரு கிரேடு என்று ஓடும் வகுப்பில் அதற்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. என் வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் அதற்கே.

வலித்தால் உடனே நிறுத்துங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். “தேர்வுக்கு ஆறு வாரம்தானே இருக்கிறது, இப்போது போய் மணிக்கட்டா?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் நடக்கிறது, அடுத்த பருவத்தில் வாசிக்கட்டும் என்பேன். சிலருக்கு முகம் வாடும். என் பதில் மாறாது.